மேல்வீட்டு ராட்சசன்

நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘உஷ் மேடம்’. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். உதட்டில் ஒரு விரலை வைத்தே வருஷக்கணக்காக ஒரு கூடத்தை அடக்கி ஆள்கிறவளுக்கு வேறென்ன பட்டம் வேண்டும்? அவள் எதிரே வந்தால் இருமல்காரர்கூட இருமலை விழுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவார். நாற்காலியை இழுத்தால் ஒரு பார்வை, செல்போன் அடித்தால் இன்னொரு பார்வை. அதற்கு மேலும் ஒரு பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை என்று பேச்சு.

குடியிருப்பிலும் அதே கதைதான். மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்த ‘மதியம் நான்கு மணி வரை சத்தம் போடாதீர்கள்’ என்ற அறிவிப்பு அவள் கைப்பட எழுதியது. மூன்றாம் மாடியில் அவள் கதவு திறக்கும் ஓசை கேட்டால் கீழே பந்து விளையாடும் பிள்ளைகள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நல்லபிள்ளைகளாக நிற்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆனதும் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கதவுக்கு உள்தாழ் போட்டு என்ன செய்வாள் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் ஊரே தோற்றிருக்கும். பழைய ஜப்பான் ராட்சசப் படம் பார்ப்பாள். சும்மா ஒன்றும் பார்ப்பதில்லை, தொண்டை கிழிய அலறிக்கொண்டு பார்ப்பாள். நான்கு மணிக்கு மேல்தான். போட்ட சட்டத்தைத் தானே மீறுகிறவள் இல்லை அவள்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது மகள் கல்யாணமாகிப் போன வருஷம். யாரோ ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டார் அவருடைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தார்கள். மூட்டைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க். உறைமேல் எல்லாம் கட்டடத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் பிராணிகள். நூலகத்தில் வைக்க முடியாது, குப்பையில் போடவும் மனசு வரவில்லை. ‘என்னதான் இருக்குன்னு பார்த்துட்டு எறிஞ்சிடலாம்’ என்று வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பவர். எல்லாருக்கும் அவர் ‘கண்ணாடி சார்’. ஒல்லியான மனுஷன். தெருவில் நாய் எதிரே வந்தால் இவர்தான் ஒதுங்கி வழிவிடுவார். நாள் முழுக்க மெஷின் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பழகியதில் வீட்டிலும் பேச்சை அளந்துதான் விடுவார். மகள் போன பிறகு அதுவும் குறைந்து, சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் படத்தைப் போட்டால் எல்லாம் ஜப்பான் பாஷை. கீழே எழுத்தும் ஓடவில்லை. பாதியில் ஒலியும் கரகரத்து நின்றுபோனது. திரையில் ராணுவத் தளபதி ஒருவர் மேஜையைத் தட்டி ஏதோ கத்திக்கொண்டிருக்க, நிறுத்திவிடலாம் என்று அவள் எழுந்தாள். அப்போது கண்ணாடி சார் அசையாமல் உட்கார்ந்தபடியே அந்தத் தளபதிக்குக் குரல் கொடுத்தார்.

“சுடறதெல்லாம் இருக்கட்டும். மேலதிகாரி கையெழுத்து வாங்கினீங்களா?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த காட்சியில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். கூட்டத்தில் ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்தாள். இவள் தன்னையறியாமல், “ஐயோ, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேனே!” என்றாள். அவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றுகூட மனுஷன் அப்படிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ராட்சசன் அவர், அலறும் ஜனம் இவள். பெட்டியில் இருந்த பிராணிகளுக்கெல்லாம் பெயரும் வைத்தாயிற்று. தோல் உரிந்து தொங்குவது ‘சொறியன்’. தொப்பையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் சாய்ந்து சாய்ந்து நடப்பது ‘பெரியப்பா’. அது நடந்து வந்தால் அவளுடைய சொந்தப் பெரியப்பா விருந்துக்கு வருவது போலவே இருக்கும்.

ரப்பர் உடைக்குள் ஒரு மனுஷன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நடக்கிறான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முழங்கால் மடங்கினால் சுருக்கம் விழும். முதுகுத் தையல் தெரியும். ஆகாய விமானத்தைத் தாங்கும் கம்பி வெயிலில் பளிச்சென்று மின்னும். அதெல்லாம் தெரிவதால்தான் அவளுக்குப் பிடித்தது. யாரோ சிலர் மாசக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து விரலளவு விளக்குக் கம்பம் நட்டு, சின்னஞ்சிறு ஜன்னலுக்குள் விளக்கேற்றி, மொட்டைமாடியில் துணி காயும் கொடிகூடக் கட்டியிருக்கிறார்கள். அத்தனையும் பெரியப்பா ஒரு மிதி மிதிப்பதற்காக! ஒரு தப்பெழுத்தைக்கூடப் பொறுக்காத அவளுக்கு அந்த மிதியைப் பார்த்தால் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கிப் போகும்.

அவருக்கு முடிவுதான் பிடிக்கும். அடிபட்ட பிராணி திரும்பக் கடலுக்குள் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். “அது என்ன பண்ணும் பாவம். அவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு எங்கதான் கால் வைக்கும்?” என்பார்.

நாளாக நாளாகக் கிறுக்கு முற்றியது. கடையில் கழித்துப் போட்ட, மூக்குக்கண்ணாடி வைக்கும் கூடுகளை அவர் பை பையாகக் கொண்டுவந்தார். அவற்றைத் தரையில் நிறுத்திவைத்தால் அதுதான் நகரம். நடுவில் சாலை, ஓரத்தில் துறைமுகம். கடைசிக் காட்சியில் அவர் எழுந்து உறுமிக்கொண்டு வந்து ‘தொம் தொம்’ என்று மிதிப்பார். இவள், “ஐயோ அடிக்காதே! யாராவது காப்பாத்துங்களேன்! என் வீடு போச்சே!” என்று அறையைச் சுற்றி ஓடுவாள். முடிந்ததும் இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். பிறகு டிஸ்க்கெல்லாம் இஸ்திரிப் பெட்டி வந்த அட்டைக்குள் போய்விடும், உஷ் மேடம் மறுபடியும் உஷ் மேடம் ஆகிவிடுவாள். இந்த வயதில் ரப்பர் பொம்மையைப் பார்த்துக் கத்துகிறாள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? நூலகத்தில் விரலைத் தூக்கினால் எவன் மதிப்பான்? பெற்ற மகளிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடியதில் புத்தக அலமாரியின் முனை அவள் நெற்றிப் பொட்டில் இடித்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணோரம் வரை கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது.

“என்ன மேடம் ஆச்சு?” என்று இருமல்காரர் கேட்டார்.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் அன்று முழுக்க எல்லாரும் அவளிடம் ஒரு மாதிரி இதமாக நடந்துகொண்டார்கள். யாரும் நாற்காலியை இழுக்கவில்லை. கிளம்பும்போது இருமல்காரர், “உடம்பைப் பார்த்துக்கம்மா” என்றார். மேடம் எப்போது அம்மாவானாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவள் கட்டடத்தின் கீழே துணி தேய்த்துக் கொடுக்கும் இஸ்திரிக்காரம்மா. துணியை வாங்கப் போனபோது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“சார் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் குடிப்பாரா?”

அவளுக்கு ஒரு நிமிஷம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. உறுமல், தொம் தொம், ‘ஐயோ அடிக்காதே’, நெற்றி வீக்கம், கதவுல இடிச்சுக்கிட்டேன்.

“சார் சத்தம் கட்டடத்துக்கே கேக்குது மேடம். பார்த்தா எறும்புக்குக்கூட வழிவிடற மாதிரி இருக்காரு. யாரை நம்பறது சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, வெளிய சொல்லிக்கவும் முடியாது.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘அது சினிமாம்மா, நாங்க விளையாடறோம்.’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வாக்கியம் இஸ்திரி மேஜையிலிருந்து காவலாளியிடம் போய், அங்கிருந்து பந்து விளையாடும் பிள்ளைகளிடம் போய், நாளைக்கு நூலக வாசலில் எவனோ ஒருவன் ‘உர்ர்’ என்று உறுமுவது வரை அவள் கண்முன்னால் ஓடியது. மானம் கப்பலேறிவிடும். ஊர் பரிதாபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம், சிரித்தால் தாங்க முடியாது என்று அந்த இடத்திலேயே அவள் கணக்குப் போட்டாள். வெட்கக்கேடான கணக்கு அது. கட்டினவரின் பெயரை அந்தச் சூட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, “துணி எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு கண்ணாடி சாருக்குப் போதாத காலம். கட்டடத்தில் யாருடைய கண்ணாடிக் காது தளர்ந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். சட்டைப்பையில் சின்னத் திருப்புளியோடு படியிலேயே நின்று முடுக்கிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். அந்த வரத்து சுத்தமாக நின்றது. வணக்கம் சொன்னால் காவலாளி கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். படியில் இவர் ஏறினால் பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

“இப்பல்லாம் யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாங்களே, ஏன்னு தெரியுமா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூடுகளை எடுத்து அடுக்க வந்தபோது தலைவலி என்று சொன்னாள். அடுத்த வாரமும் தலைவலிதான். அவர் கூடுகளைத் திரும்பப் பையில் போட்டார்.

அந்த இரண்டாவது தலைவலி நாளில்தான் கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற சின்னப் பெண், கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவள் புருஷனைக் கட்டடமே ‘தங்கக்கம்பி’ என்று கொண்டாடும். டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவான், வயசானவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவான், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண் கையில் ஒரு களிம்பு டியூப்.

“அக்கா, இது எங்க கடையில இருக்கறதுலயே நல்லது. வீட்ல எப்பவும் வெச்சுக்கங்க. வீக்கம் சீக்கிரம் வடிஞ்சிடும். கறுப்பு மட்டும் கொஞ்ச நாள் நிக்கும்.”

“உனக்கு எதுக்கும்மா சிரமம்.”

“நான் போட்டுப் பார்த்ததுதான் அக்கா” என்று சொல்லிவிட்டு அவள் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நான் ஒரு தடவை பெட்டியெல்லாம் கட்டிட்டேன், அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு. ஒரு ஞாயித்துக்கிழமை. அப்பதான் மேல உங்க சத்தம் கேட்டுச்சு. ‘அடிக்காதே அடிக்காதே’ன்னு. மறுநாள் பார்த்தா நீங்க தலைசீவி, கைப்பையை மாட்டிக்கிட்டு எதுவுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போறீங்க. இவ்வளவு பெரியவங்களே பொறுத்துக்கறாங்க, எனக்கென்னன்னு பெட்டியைப் பிரிச்சுட்டேன். உங்களை நெனச்சுத்தான் அக்கா நாளை ஓட்டறேன்.”

உஷ் மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துக் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த கண்ணாடி சார், “யாரு வந்திருக்கறது?” என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தப் பெண் விசுக்கென்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் நின்றார். இவளைப் பார்த்தார். பிறகு தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டவர் போல அறைக்குள் திரும்பிப் போனார்.

“வர்றேன் அக்கா” என்று அவள் இறங்கிப் போனாள். அப்போதும் இவள் வாயைத் திறக்கவில்லை. நன்றி வேறு சொன்னாள்!

அவரிடம் போய் நின்றாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், “உங்களைப் பத்தி எல்லாரும் ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“காவலாளி கேட்டுட்டான். ‘படிச்ச பொம்பளை மேல கை வைக்கலாமா சார்’னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னா நீ நாலு பேர் முன்னாடி கூசிப்போவே. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.” கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச் சுவருல ஒட்டிக்கிச்சு பார்த்தியா? அதுதான் என்னால தாங்க முடியல.”

அவளுக்கு அழுகை வரவில்லை, அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டுமே. நாய்க்கு வழிவிடும் மனுஷனை ஊர் மிருகமாக்கியது, இவள் தன் மரியாதைக்குச் சேதாரம் வராமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிட மோசம் கீழே நடந்தது. இவளுடைய பொய் ஒருத்தியின் பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறது. கீழே இருந்து ஒரு சத்தமும் வந்ததில்லையே என்று யோசித்தாள். வந்ததில்லைதான். சில நாள் சாயங்காலம் திடீரென்று டிவியின் ஒலி மட்டும் கூடும். ‘கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லணும்’ என்று இவள் சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

மறுநாள் நூலகத்தைப் பாதியில் விட்டு மருந்துக்கடைக்குப் போனாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் குனிந்து, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுச் சத்தம் அடி இல்லம்மா” என்றாள்.

“என்ன அக்கா?”

“படம். ராட்சசப் படம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவோம்.”

பின்னால் நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டு நகர்ந்து வந்தார். அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம்.

“எனக்கும் இப்படித்தான் ஏதாவது சொல்லத் தோணும் அக்கா. நானும் கதவுன்னுதான் சொல்லுவேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.”

என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் தேவையே இல்லாத ஓர் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சொன்னால் நம்ப மாட்டாள், காட்டித்தான் ஆக வேண்டும். நினைத்தபோதே காது மடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை படியில் தங்கக்கம்பியை நிறுத்தி, “வீட்ல புத்தகம் அடுக்கணும் தம்பி, உங்க வீட்டுக்காரியைக் கொஞ்சம் அனுப்புங்க” என்றாள். “தாராளமா மேடம், நாலு மணிக்கு அனுப்பறேன்” என்று அவன் தேன் சொட்டச் சிரித்தான்.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இவள் இஸ்திரிப்பெட்டி அட்டையைத் திறந்து டிஸ்க்கை எடுத்தாள். தரையில் நகரம் தயாராக நின்றது.

“இந்தப் பொண்ணு முன்னாடியா?” என்றார் அவர், கூனிக் குறுகி.

“ஆமா.”

“கத்தியே ஆகணுமா?”

“கத்தித்தான் ஆகணும்.”

அந்த வீட்டில் அதைப் போல ஒரு கேவலமான ஆட்டம் நடந்ததே இல்லை. பெரியப்பா திரையில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் ஏறினார். இவள் கையைப் பிசைந்துகொண்டு நின்று, “ஐயோ காப்பாத்துங்க” என்று பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தாள். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓர் உறுமல் விட்டுக் காலைத் தூக்கினார்.

அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் சட்டென்று தலைக்கு மேல் போய்விட்டன.

அவர் தூக்கின காலை மெல்லக் கீழே வைத்தார். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நான் எழுந்திருக்கவே மாட்டேம்மா. பயப்படாதே” என்றார்.

திரையில் மட்டும் பெரியப்பா விடாமல் நடந்துகொண்டிருந்தார். இனி ராட்சசனாவதற்கு அந்த வீட்டில் ஒரே ஆள்தான் மிச்சம். உஷ் மேடம் தோளைத் தூக்கினாள், வயிற்றைத் தள்ளினாள், அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமலைக் கிளப்பி, கூடுகளுக்கு நடுவில் சாய்ந்து சாய்ந்து நடந்து ‘தொம்’ என்று மிதித்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவர் பழக்கதோஷத்தில் கீச்சுக்குரலில், “ஐயோ, அடுப்புல பால்!” என்றார்.

அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. இவள் இன்னொரு கட்டடத்தை மிதித்தாள். கொஞ்ச நேரம் அப்படிப் போனது. பிறகு அந்தப் பெண் தரையில் கிடந்த ஒரு கூட்டை எடுத்துத் திறந்து பார்த்து மூடினாள்.

“இதுதானா அக்கா அந்தச் சத்தம்?”

“இதுதான்.”

“சார் உங்களை அடிச்சதே இல்லையா?”

“இல்லம்மா.”

“ஒரு தடவைகூட?”

“இல்ல.”

“எல்லா வீட்லயும் இப்படித்தான்னு நெனச்சேன்” என்றாள் அவள். கையிலிருந்த கூட்டைத் தரையில் வைத்துவிட்டு, “அப்போ நான் மட்டும்தானா?” என்று கேட்டாள்.

இவளுக்கு அந்தத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிளக்கவில்லை. வாய் திறந்து, “தப்பு பண்ணிட்டேம்மா” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சாயங்காலம் படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. இவள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் கையில் பெட்டியோடு இரண்டாம் மாடிப் படியில் நின்றாள். ஒரு படி கீழே தங்கக்கம்பி வழிமறித்துக்கொண்டு, குரலே உயராமல், “சின்ன விஷயத்துக்கெல்லாம் இப்படியா, உள்ள வா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நாலு வீட்டுக்காரர்கள், காவலாளி. துணிக் கட்டோடு வந்த இஸ்திரிக்காரம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“தங்கமான புருஷன். வீட்டுக்கு வீடு இருக்கறதுதான், போம்மா உள்ள. மேல்வீட்டு மேடத்தைப் பாரு. அவங்க பொறுத்துக்கலையா?”

பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்ததை இவள் மேலே இருந்து பார்த்தாள்.

“நான் ஒண்ணும் பொறுத்துக்கல” என்றாள் உஷ் மேடம். எல்லாரும் அண்ணாந்தார்கள். “எங்க வீட்ல யாரும் யாரையும் அடிக்கல. நாங்க ராட்சசப் படம் பார்க்கறோம். ரப்பர் பொம்மை வந்து வீட்டை இடிக்கிற படம். அதைப் பார்த்துத்தான் கத்தறோம்.”

“பாவம், புருஷனை விட்டுக்குடுக்க மாட்டாங்க” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். தான் எழுதி ஒட்டிய அறிவிப்புக்கு நேர் கீழே நின்று, மூச்சை இழுத்து, நாலு மாடிக்கும் கேட்க, “ஐயோ அடிக்காதே! யாராவது காப்பாத்துங்களேன்! என் வீடு போச்சே!” என்று அலறினாள். நடுவில் ஒரு தரம் குரல் உடைந்தது. வீட்டுக்குள்ளிருந்து உறுமல் பதிலுக்கு வந்தது. பின்னாலேயே கண்ணாடி சார் வாசலுக்கு வந்து, திருப்புளியும் கையுமாக, பெரியப்பா நடையில் தொப்பையே இல்லாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

முதலில் சிரித்தது காவலாளி. அடுத்து ஒரு பிள்ளை. பிறகு மாடிப்படி முழுக்கச் சிரிப்பு. இஸ்திரிக்காரம்மா துணிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உஷ் மேடம் எதற்குப் பயந்தாளோ அதே சிரிப்பு. உச்சி முதல் பாதம் வரை கூசியது. விரலை உதட்டுக்குக் கொண்டுபோகக் கை பரபரத்தது, கொண்டுபோகவில்லை. இன்னொரு தரம் அலறினாள். எல்லார் கண்களும் மேலே இருந்தன. தங்கக்கம்பியும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான். அந்தப் பெண் பெட்டியை உடம்போடு சேர்த்துக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினாள், கேட்டைத் தாண்டினாள், போய்விட்டாள்.

இப்போது கட்டடத்தில் பிள்ளைகள் இவளைப் பார்த்தால் உறுமுகிறார்கள். செய்தி நூலகத்துக்கும் வந்துவிட்டது. இருமல்காரர் தைரியமாக உள்ளேயே இருமுகிறார். காவலாளி தன் கண்ணாடியைக் கொண்டுவந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, கண்ணாடி சார் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் காதை முடுக்கிக் கொடுத்தார்.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். அம்மா வீட்டில் இருக்கிறாளாம். பக்கத்திலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். இன்றைக்குப் பெரியப்பாவா சொறியனா என்று கேட்டாள். சொறியன் என்றாள் இவள். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா?”

“கேளும்மா.”

“அன்னைக்கு நான் களிம்பு கொண்டுவந்தேனே. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கை உடைஞ்சது.”

கை உடைந்தது இவளுக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டைக்குள், கட்டுக்கூடப் போடாத உடைந்த கையோடுதான் அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். அந்தக் கையைத்தான் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். உள்ளறையில் அவர் கூடுகளை அடுக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லியிருக்கலாம்மா” என்றாள் அவள்.